ஓடாத கருவிக்கு ஐந்து நட்சத்திரம்

அனுப்புநர்:
முன்னாள் விற்பனைப் பிரதிநிதி,
மின்சிக்கன வீடுகள், முதல் தொகுதி.
தற்போதைய முகவரி: எண் 7, இரண்டாம் மாடி, அச்சகத் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
கட்டட மின்சிக்கனத் தரச்சான்று அலுவலகம்.

பொருள்: முதல் தொகுதியின் 42 வீடுகளுக்கு வழங்கிய ஐந்து நட்சத்திரச் சான்றை மறு ஆய்வு செய்யவும், இரண்டாம் தொகுதிக்கு வரும் வெள்ளிக்கிழமை வழங்கவுள்ள சான்றை நிறுத்தி வைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது முந்தைய மனு, நாள் 3.5.
2. "ஆவணங்கள் சரியாக உள்ளன" என்ற தங்கள் அலுவலகப் பதில், நாள் 24.5.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முந்தைய மனுவை அரைப் பக்கத்தில் முடித்திருந்தேன். அதற்கு ஒரு வரியில் பதில் வந்தது. அதனால் இம்முறை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மனு நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. மேற்படி தொகுதியின் மாதிரி வீட்டில் பதினோரு மாதங்கள் வேலை பார்த்தேன். வருபவர்களை உள்ளே அழைத்து, கதவைச் சாத்தி, இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் நிற்க வேண்டும் என்பது எனக்குக் கொடுத்திருந்த பயிற்சி. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அதன் பிறகுதான் நான் வாயைத் திறப்பேன். சுவருக்குள் வெப்பம் தடுக்கும் பலகை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, எங்கும் இடுக்கு இல்லை, மின்கட்டணம் பாதியாகும். இவை எதுவும் பொய் இல்லை.

3. இடுக்கே இல்லாத வீட்டுக்குள் காற்று எப்படி வரும் என்று பலர் கேட்பார்கள். கூடத்தின் மேற்கூரைப் பலகைக்கு உள்ளே காற்று மாற்றும் கருவி ஒன்று உண்டு. அது அசுத்தக் காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை உள்ளே இழுக்கும், பச்சை விளக்கு எரிந்தால் ஓடுகிறது என்று பொருள், என்பேன். அக்கருவி இருந்தால்தான் ஐந்து நட்சத்திரம் என்பது தங்கள் அலுவலகத்தின் விதி. வாங்க வருபவர்கள் அந்தச் சான்றைத்தான் கேட்கிறார்கள். சான்று உள்ள வீடு ஒரு வாரத்தில் விலைபோகிறது. இல்லாத வீட்டைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

4. எட்டாவதாக நான் விற்ற வீட்டை வாங்கியவர் என் மூத்த சகோதரி. (இனி அக்கா என்றே குறிப்பிடுகிறேன், வேறு விதமாக எழுத வரவில்லை.) அக்கா எந்த ஆவணத்தையும் படிக்கவில்லை. "நீ பாத்தா போதும்டி, நான் வேற பாக்கணுமா?" என்று கேட்டதோடு சரி.

5. அக்காவின் கணவர், என் அத்தான், இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குடிவந்த முதல் வாரமே நாற்காலி போட்டு ஏறி, மேற்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார். "இது ஓடல. ஓடுற வண்டின்னா கொஞ்சமாவது நடுங்கும்" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். ஓய்வு பெற்ற பிறகும் இஞ்சினைத் தேடுகிறார் என்று அக்கா கேலி செய்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

6. நான்காம் மாதம் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை படர்ந்தது. துடைத்தால் பத்து நாளில் திரும்ப வந்தது. அத்தானுக்குத் தலைவலி, பிறகு மூச்சிழுப்பு. ஜன்னல்கள் நான்கு விரற்கடைக்கு மேல் திறக்காதபடி அமைக்கப்பட்டவை. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு அறை அறையாக இடம் மாறினார். ஓரிடத்திலும் உட்கார முடியவில்லை. கடைசியில் பகல் முழுவதும் வாசல் படியிலேயே இருந்தார். பிப்ரவரி 11 அன்று முற்பகல், குளியலறையிலிருந்து வெளியே வந்தவர் கதவைப் பிடித்தபடி சரிந்தார். ஒன்பது நாள் மருத்துவமனை. வீட்டுக் காற்றுதான் காரணம் என்று மருத்துவர் எழுதித் தரவில்லை. இல்லாததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பூஞ்சையுள்ள அறையில் இவர் இருக்கக் கூடாது என்று மட்டும் எழுதியிருக்கிறார். நகல் இணைத்துள்ளேன்.

7. அவர் மருத்துவமனையில் இருந்தபோது, எனக்குத் தெரிந்த ஏசி மெக்கானிக்கை அழைத்து வந்து மேற்கூரைப் பலகையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இரும்புப் பெட்டி இருந்தது. காற்றுக் குழாய் வர வேண்டிய இரண்டு துளைகளும் ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருந்தன. பெட்டிக்குள் மோட்டார் இல்லை. பச்சை விளக்குக்கு மட்டும் ஒரு கம்பி போயிருந்தது. மெக்கானிக் ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே, "இது மெஷின் இல்லங்க, டப்பா" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

8. அடுத்த ஒரு வாரம் நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். பத்தொன்பது வீடுகளில் பார்க்க விட்டார்கள். பத்தொன்பதிலும் அதே டப்பா. மாதிரி வீட்டில் மட்டும் உண்மையான கருவி ஓடுகிறது. தங்கள் ஆய்வாளர் சோதித்ததும் அந்த ஒரு வீட்டைத்தான். மற்றவை "அதே வடிவமைப்பு" என்று குறிக்கப்பட்டுச் சான்று பெற்றன. கட்டுமான நிறுவனத்தில் கேட்டேன். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

9. குடியிருப்போர் என் பக்கம் நிற்பார்கள் என்று நம்பினேன். சங்கச் செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். அத்தானுக்கு மூச்சுக்கு இழுக்கும் மருந்தை, மூடிய கடையைத் திறந்து எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவரே என்னைத் தனியாக அழைத்து, "சான்று போச்சுன்னா இந்த வீட்டை எவன் வாங்குவான்? நாங்க கதவைத் தொறந்து வெச்சுப் பொழச்சுக்கிறோம். நீங்க பேசாம இருங்கம்மா" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதே தொகுதியில் ஒரு வீட்டை ஐந்து நட்சத்திரம் என்று விளம்பரம் செய்து மறுவிற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பேருந்து வந்துவிட்டது. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

10. அதே நிறுவனம் கட்டும் இரண்டாம் தொகுதியில் அறுபது வீடுகளுக்கு மேற்கூரைப் பலகை அடிக்கும் வேலை இப்போது நடக்கிறது. தினமும் காலையில் போய் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். பலகை அடித்து, பூசி, வண்ணமும் அடித்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவேதான் வெள்ளிக்கிழமையைப் பற்றி இவ்வளவு பதறுகிறேன். தங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை வந்தேன். மனுவில் சொல்லுங்கள் என்றார்கள்.

11. முந்தைய மனுவில் நான் மறைத்த ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். தாங்கள் "ஆவணங்கள் சரியாக உள்ளன" என்று பதில் தரக் காரணமான ஆவணங்களில், ஒவ்வொரு வீட்டின் ஒப்படைப்புப் படிவத்திலும் "கருவி இயங்கக் கண்டேன்" என்ற வரியின் கீழ் ஒரு சாட்சிக் கையெழுத்து இருக்கும். நாற்பத்திரண்டும் என்னுடையவை. விளக்கைப் பார்த்துக் கையெழுத்திட்டேன். மாதிரி வீட்டில் மெலிதாக ஒரு முனகல் கேட்கும். மற்ற வீடுகளில் அது இல்லை என்பதை மூன்றாவது வீட்டிலேயே கவனித்தேன். தளப் பொறியாளரிடம் கேட்டதற்கு, "இது புது மாடல், சத்தம் வராதும்மா" என்றார். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. மறுநாளிலிருந்து "சத்தமே வராது" என்று அதையும் சேர்த்துச் சொல்லி விற்றேன். அக்காவிடமும் சொன்னேன்.

12. அத்தான் இப்போது என் ஒற்றை அறையில் இருக்கிறார். இழுப்பு குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏற மட்டும் நின்று நின்று வருகிறார். அக்கா அந்த வீட்டை விட்டு வர மறுக்கிறாள். காலையில் சமைத்து எடுத்து வந்து, மாலையில் திரும்பிப் போகிறாள்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் இரண்டாம் தொகுதியில் தாங்கள் தேர்ந்தெடுக்கும் ஏதேனும் ஐந்து வீடுகளிலாவது மேற்கூரையைத் திறந்து பார்க்கவும், அதுவரை சான்றில் ஒப்பமிடாதிருக்கவும், முதல் தொகுதியில் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே சோதித்து, நிறுவனத்தின் பொறுப்பிலேயே உண்மையான கருவி பொருத்த ஆணையிடவும் வேண்டுகிறேன். விசாரணையில் பொய்ச் சாட்சியம் அளித்தவர் என்ற இடத்தில் என் பெயரைச் சேர்க்க எனக்கு ஆட்சேபம் இல்லை. அழைக்கும் நாளில் வருகிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)

நாள்: திங்கட்கிழமை, 16.6.
இடம்: ஆணையர் அலுவலகம், மனுப் பிரிவு

இணைப்பு: மருத்துவச் சான்று, பத்தொன்பது வீடுகளின் மேற்கூரைப் படங்கள்.

நகல்: 1. செயலாளர், குடியிருப்போர் சங்கம்.
2. என் அக்கா. (பத்தி 11-இல் உள்ளது அவளுக்கு இதுவரை தெரியாது. நேரில் சொல்ல மூன்று முறை போய்த் திரும்பிவிட்டேன்.)