ஏழு பேருக்குக் கீழே

சித்திரை 12, வெள்ளிக்கிழமை

இன்று காலை ஃபிரிட்ஜ் கதவில் மருமகள் ஒட்டியிருந்த தாளை நானே படித்தேன். கைலாச யாத்திரை. மைசூரிலிருந்து வேனில் நேபாளம், அதைத் தாண்டித் திபெத். காட்மாண்டு என்ற பெயரில் இரண்டு முறை இடறினேன். மூன்றாம் முறை வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயதில் ஊர்ப்பெயர் படிக்கிற சுகமே தனி.

அதற்குக் கீழே போகிறவர்களின் பெயர்கள். ஏழு. விரல் வைத்து மறுபடியும் படித்தேன். என் பெயர் இல்லை.

மைசூரிலேயே படித்த என் மகன் கன்னடத்தில்தான் எழுதுவான். பள்ளிக்கூடமே போகாத எனக்குப் போன வருடம் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவள் மருமகள்.

"ஏம்மா, என்னை விட்டுட்டியா?"

அவள் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ்வளவு உயரம் உங்க நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க மாமா. உங்க மகன் என்னையச் சொல்லச் சொன்னாரு. வாயில வரலீங்க. நீங்களே படிச்சுக்குவீங்கன்னுதான் தமிழ்ல எழுதி வெச்சேன்."

"நல்லாத்தான் எழுதியிருக்கே. கொம்பெல்லாம் பளிச்சுன்னு தெரியுது" என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

கைலாசம் போக வேண்டிக்கொண்டு என் மனைவி மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அவள் இறந்து நான்கு வருடம். அதை நான்தான் கொண்டுபோவேன் என்றிருந்தேன். சாயங்காலம் எடுத்து மருமகள் கையில் கொடுத்தேன்.

பிறகு அந்தத் தாளில், ஏழாவது பெயருக்குக் கீழே, பொன்னம்மாள் என்று மெதுவாக எழுதினேன். என் மனைவி பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோணாமல் வந்தது.