உன் அப்பாவின் தாடையைப் பார்த்தேன்

என் செல்ல மகள் அபோண்டிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். போனில் பேசினால் போதாதா, எதற்கு அம்மா கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. உன் சித்தி மகன் அடுத்த வாரம் கனடாவுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் காய வைத்த ஒமேனா மீனையும் கொடுத்தனுப்புகிறேன், மீனை மூன்று உறை போட்டுக் கட்டியிருக்கிறேன், அப்படியும் பெட்டி நாறினால் அவனைத் திட்டாதே. மழை இந்தத் தடவை ஏமாற்றவில்லை, சோளம் இடுப்புயரம் நிற்கிறது. கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. உன் சித்தப்பா ஒயூகி அப்படியேதான் இருக்கிறார், வாயும் அப்படியேதான் இருக்கிறது.

அப்பாவின் பல்செட்டு தொலைந்துவிட்டது என்று ஏப்ரலில் சொன்னேன் அல்லவா, எப்படித் தொலைந்தது என்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், சிரிக்காதே, சிரித்தாலும் அவரிடம் காட்டிக்கொள்ளாதே. அவருடைய சிநேகிதர் ஹெஸ்ரோனை அடக்கம் பண்ணின அன்று குழிக்குப் பக்கத்தில் நின்று அவர்தான் பேசினார், நம் பக்கத்தில் எந்தச் சாவுக்கும் அவர்தானே பேசுவார். பேச்சு நன்றாக ஏறி வந்த இடத்தில், ஜனம் அழ ஆரம்பித்த இடத்தில், கீழ்ப்பல்செட்டு நழுவி நேராகக் குழிக்குள் விழுந்துவிட்டது. மண்வெட்டியோடு நின்ற பையன்கள் போதகரைப் பார்த்தார்கள், போதகர் வானத்தைப் பார்த்தார். செத்தவரோடு போனதை மேலே எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை, உன் அப்பாவே கையைக் காட்டி மூடச் சொல்லிவிட்டார். அன்றோடு அந்த மனுஷன் பேச்சை நிறுத்திவிட்டார் அபோண்டி. கோயிலில் பேசுவதில்லை, சந்தையில் பேசுவதில்லை, என்னிடம் தண்ணீர் கேட்பதற்கும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்கிறார். அதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன், டிசம்பரில் உன் முத்விரியின் வீட்டார் மேரு நாட்டுப் பக்கமிருந்து நம் வாசலுக்குப் பெண் கேட்டு வருகிறார்களே, அன்றைக்கு நம் பக்கம் யார் பேசுவது. அப்பா பேசாவிட்டால் முறைப்படி ஒயூகிதான் பேச வேண்டும், அவரும் அதற்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டு அலைகிறார். அவர் பேச ஆரம்பித்தால் முதலில் பசுமாடு, பிறகு அரசியல், பிறகு உன் மாப்பிள்ளையின் தகப்பனாரோடு சண்டை, அதோடு உன் கல்யாணம் அம்போ. இதனால்தான் நீ தாடை எலும்பில் திருகு இறக்கிப் பல் பதிக்கும் யோசனையைச் சொன்னதும் நான் அப்படிப் பிடித்துக்கொண்டேன்.

கிசுமுவில் நீ சொன்ன அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கலொண்டு என்று ஒரு பெண், கம்பா நாட்டுப் பக்கம், கிசுமுவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பணத்தைக் கட்டினால் உடனே திருகை முடுக்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன், அப்படியில்லையாம். பதிக்கத் தகுந்த வாய்தானா என்று பார்ப்பதே பெரிய வேலையாம். சர்க்கரை உண்டா, மூன்று மாதத்துச் சராசரி எவ்வளவு, எலும்புக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா, புகை உண்டா என்று எல்லாம் கேட்டாள், புகை இல்லை என்று இவர் கம்பீரமாகத் தலையாட்டினார், பொடி உண்டு என்று நான் சொன்னேன். ஈறுகளை ஒரு மெல்லிய கம்பியால் அளந்தாள், ஒன்றிரண்டு இடத்தில் இரத்தம் வந்தது. கடைசியில், முன்வரிசைக் கீழ்ப்பல் எல்லாம் எப்படிப் போயின என்று கேட்டாள். உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் ஈறு நோய் என்றார். இளவயதில் ஈறு வீங்கி, சீழ் வைத்து, ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன என்று கதையை அலங்காரமாக வேறு சொன்னார். நான் வாயைத் திறக்கப்போனேன், மேசைக்கு அடியில் என் காலை மிதித்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. அந்த வயதிலேயே வரிசையாகப் பல்லைத் தின்ற நோய் என்றால் பதிக்கிறதையும் தின்றுவிடும், அப்படிப்பட்ட தாடையில் கை வைக்க எனக்குத் துணிவில்லை ஐயா, எதற்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன், ஆனால் ஆசை வைக்காதீர்கள் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் அவரை விடவில்லை. நன்றாக இருந்த கீழ் முன்பல் ஆறையும் நம் வழக்கப்படி பெரியவனானதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டவர், உங்கள் வயது ஆண்கள் பாதிப்பேருக்கு அப்படித்தானே இருக்கிறது, அதைச் சொல்வதற்கு என்ன கேடு, வாய்க்கு வந்த வியாதியைச் சொல்லி இருக்கிற வழியையும் அடைத்துக்கொண்டீர்களே என்று கேட்டேன்.  ஜன்னல் பக்கம் திரும்பி, கையால் வாயை மூடிக்கொண்டே சொன்னார். மிஷன் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் பல் எடுத்த பிள்ளைகளை எல்லாம் தனியே நிற்க வைத்து, காட்டுமிராண்டிகளின் வரிசை என்று வாத்தியார் சொன்னாராம், இவர் மட்டும் இது நோயில் போனது சார் என்று சொல்லி அந்த வரிசையிலிருந்து நகர்ந்து வந்துவிட்டாராம். அன்றைக்குச் சொன்னது அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது என்றார்.  எனக்குப் பல் எல்லாம் இருக்கிறது, என் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு அதை விட்டுவிட்டார்கள், அவர் பட்டது எனக்கு எப்படித் தெரியும்.

இரண்டாம் தடவை போனபோது நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். அவரை ஒரு இயந்திரத்துக்குள் நிற்க வைத்தார்கள், அது அவர் தலையைச் சுற்றி ஒரு வலம் வந்தது, அவ்வளவுதான், ஊசியில்லை, வலியில்லை. பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்துத் திரையைத் திருப்பினாள். உன் அப்பாவின் தாடை, அபோண்டி. தோலில்லை, சதையில்லை, தாடி இல்லை, எலும்பு மட்டும் வெள்ளையாக நிற்கிறது, நாம் சாப்பிட்டு முடித்த ஏரி மீனின் தலையைத் தட்டில் திருப்பிப் பார்ப்போமே அதுபோல அந்தப் பெண் அதை இப்படியும் அப்படியும் திருப்புகிறாள், கிடைமட்டமாக வெட்டுகிறாள், நெடுக வெட்டுகிறாள், அவரோ என் பக்கத்தில் முழுசாக உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்ட மனுஷனின் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. பல் போன இடத்தில் எலும்பு மேலே கத்தி முனை மாதிரி மெலிந்திருந்தது, வேலையில்லாத எலும்புக்கு உடம்பு சோறு போடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுமாம். ஆனால் அந்த முனைக்குக் கீழே அகலமாக, கெட்டியாக, அவ்வளவு நல்ல எலும்பு.  பிறகு டாக்டர் இன்னும் கீழே ஒரு இடத்துக்குப் போய் அங்கேயே நின்றாள். எலும்புக்கு நடுவில், படுக்கை வசமாக, ஒரு பல் கிடந்தது. வேரும் தலையுமாக முழுப் பல்.

அவள் உன் அப்பாவைப் பார்த்து, "ஐயா, ஈறு நோய் தின்ன எலும்பு இப்படி இருக்காது, பக்கத்துப் பல்லைச் சுத்தியும் குழி விழுந்திருக்கும். உங்க பல்லை யாரோ எடுத்திருக்காங்க. இந்த ஒண்ணு மட்டும் அவங்க கைக்குச் சிக்கல" என்றாள். அதட்டலாகச் சொல்லவில்லை. அவளுடைய தாத்தா மேல்பல்லை எல்லாம் ஊசி மாதிரி கூராக்கிக்கொண்டவராம், யாராவது கேட்டால் ஆட்டெலும்பு கடித்தபோது உடைந்தது என்று சாகும்வரை சாதித்தாராம், அதையும் சொல்லிச் சிரித்தாள். உன் அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடியிருந்த கை தானாக மடியில் இறங்கியது. "அஞ்சுதான் எடுத்தாங்க டாக்டரம்மா," என்றார், "ஆறாவது வரவே இல்ல."

பிறகு சொன்னார் பார், ஏப்ரலிலிருந்து அடைத்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பெரிய பையன்களுக்குப் பல் எடுக்க வந்த ஆள், வரிசையில் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவரையும் பிடித்து உட்கார வைத்துவிட்டாராம், இவருக்கு அதற்கான வயதே இல்லை, பால்பல் விழுந்து எல்லாம் முளைத்து முடியக்கூட இல்லை. தட்டை இரும்பை ஈறுக்குள் விட்டு நெம்பினபோது அழக் கூடாது, அழுதால் குடும்பத்துக்கே அவமானம், இவர் அழவில்லை. ஐந்து வந்தது, ஆறாவது இன்னும் வெளியே வரவில்லை, வரட்டும் அப்புறம் எடுக்கிறேன் என்று அந்த ஆள் போய்விட்டார். அது வரவே இல்லை. கூட்டாளிகள் எல்லாம் இவரை அரைகுறை, அரைகுறை என்று கூப்பிட்டார்களாம், உன் பல்லுக்கே பயம், அதுதான் வெளியே வராமல் ஓடிவிட்டது என்று கேலி பண்ணினார்களாம். பள்ளிக்கூடத்தில் எடுத்ததற்கு வெட்கம், ஊரில் எடுத்து முடியாததற்கு வெட்கம், இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு அந்த மனுஷன் நடந்திருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்துப் பற்களை நெம்பின வேகத்தில் அது உள்ளேயே சாய்ந்து படுத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாள். அப்போதுதான் உன் அப்பா அழுதார். சத்தமாக, ஓட்டை வாயை முழுசாகத் திறந்துகொண்டு அழுதார். "ஓடல, இங்கயேதான் இருந்திருக்கு," என்றார் என்னிடம். நர்சுகள் எல்லாம் கதவண்டை வந்து நின்றார்கள், அவர் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. நானும் அழுதேன், எதற்கென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

முடிவைக் கேட்பாய். தகுதி உண்டு. மேலே மெலிந்திருக்கும் முனையைக் கொஞ்சம் சீவிவிட்டு, படுத்திருக்கும் பல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலகி டைட்டானியம் திருகுகளை இறக்கலாமாம். அந்தப் பல்லை எடுக்க வேண்டாம், எடுத்தால் எலும்பில் பள்ளம் விழும், அது யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணவில்லை, இருக்கட்டும், அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். உயிரில்லாத உலோகத்தை உள்ளே வைத்தால் எலும்பு அதை அந்நியன் என்று தள்ளாமல், மெல்ல வளர்ந்து வந்து தன்னுடையதாகப் பிடித்துக்கொள்ளுமாம், அதைக் கேட்ட நாளிலிருந்து சோளக்காட்டில் நிற்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், நம்மைப் படைத்தவனுக்கு எவ்வளவு முன்யோசனை பார். ஆனால் நிபந்தனை நிறைய. சர்க்கரை இறங்க வேண்டும், பொடி அடியோடு நிற்க வேண்டும், ஈறுகளைச் சுத்தம் பண்ண வேண்டும், அதற்கெல்லாம் பிறகுதான் திருகு, அது பிடித்த பிறகுதான் பல். டிசம்பருக்குள் நடக்கவே நடக்காது என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பாதி சந்தோஷம் அங்கேயே வடிந்துவிட்டது. பொடி டப்பாவை அவரே கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்துவிட்டார், நான் தேடிப் போய் எடுத்து எரித்துவிட்டேன், நம்பிக்கை இல்லாமல் இல்லை, இருந்தாலும்.

ஞாயிற்றுக்கிழமை ஒயூகி வந்தார், பல் கதை தள்ளிப்போனது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிசம்பரில் என்ன பேசுவது என்று உன் அப்பாவிடம் கேட்டுக்கொள்ள வந்ததாகச் சொல்லி, கேட்காமலே தன் பேச்சை எடுத்துவிட ஆரம்பித்தார், பசுமாடு வரைக்கும் வந்துவிட்டார். உன் அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ உட்கார்ந்து சாப்பிடு தம்பி. என் மகளுக்கு நான் பேசுறேன்" என்றார். ஒயூகி ஆடிப்போய், அந்த வாயோடயா அண்ணே, மேருக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். உன் அப்பா கீழ் உதட்டை விரலால் இழுத்துக் காட்டினார், எனக்குத் தெரிந்து யார் முன்னாலும் அவர் அப்படிச் செய்ததில்லை. "முதல்ல இதைப் பார்க்கட்டும். பார்த்து முடிச்சதும் நான் சொல்றதைக் கேட்கட்டும்" என்றார். ஒயூகி தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனார், அதுவும் இந்த ஊரில் ஒரு அதிசயம்தான்.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும், முத்விரிக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல், அவன் தாய் தகப்பனுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல். வரும்போது அப்பாவுக்கு மிருதுவான பல்துலக்கி நாலைந்து வாங்கி வா, இங்கே கிடைப்பதெல்லாம் தென்னந்துடைப்பம் மாதிரி இருக்கிறது. நீயும் அங்கே ஒரு தடவை பல்லைக் காட்டிக்கொள், வலி வரட்டும் என்று காத்திருக்காதே. முத்விரியின் தகப்பனாரிடம் பெண்ணின் அப்பாவுக்கு முன்பல் இல்லை என்று நீ முன்கூட்டியே சொல்லி வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், அதை நான் வாயைத் திறந்தே சொல்லிக்கொள்கிறேன் என்கிறார் உன் அப்பா.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ரிஸ்பா