மூன்று தலைமுறையும் ஒரு பச்சை நம்பர் பிளேட்டும்

டிசம்பர் 3, செவ்வாய்

இன்றும் மகள் தௌதௌ பஸ்ஸில் வாந்தி எடுத்தாள், என் கோட்டின் மேல். ஒன்பது வயதுப் பிள்ளை, இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகிறாள். பக்கத்தில் நின்ற ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கார்ல கூட்டிட்டுப் போகக்கூடாதாம்மா?" என்றான்.

கார் வாங்கக் காசு இருக்குடா, நம்பர் பிளேட்டை உங்கப்பனா தருவான்? இந்தப் பெய்ஜிங்கில் பெட்ரோல் காருக்குக் குலுக்கல், மின்சாரக் காருக்கு வரிசை. குலுக்கலில் எங்கள் பெயர் வந்ததே இல்லை. வரிசையில் நின்றால் தௌதௌவுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

சாயங்காலம் என் புருஷன் ஷோவென் ஒன்றைக் கண்டுபிடித்து வந்தான். குடும்பமாக விண்ணப்பித்தால் மதிப்பெண் கூடுமாம். எத்தனை தலைமுறையோ அத்தனையால் பெருக்குவார்களாம். "நம்ம ரெண்டு தலைமுறை. எங்கப்பாவைச் சேர்த்தா மூணு," என்றான்.

அப்பா! கோடையிலிருந்து நாங்கள் போனில்கூட விசாரிக்காத அப்பா.

டிசம்பர் 7, சனி

பெய்ஜிங்கின் ஓரத்தில் இருக்கிற மியூனுக்குப் போனோம். மாமனார் வீட்டுக்குள் வெளியே இருப்பதைவிடக் குளிர். நிலக்கரி அடுப்பை எல்லா வீட்டிலும் எடுத்துவிட்டு மின்சார ஹீட்டர் கொடுத்து வருஷக்கணக்காகிறது. அவர் அதற்குப் போர்வை போர்த்தி வைத்திருக்கிறார். "கரண்டு பில்லை யாரு கட்டுறது?" என்கிறார். கஞ்சப் பிசினாறி.

விஷயத்தைச் சொன்னோம். செஸ்ட்நட் கொட்டைகளை உரித்துக்கொண்டே கேட்டார்.

"பேரைச் சேர்த்துக்கங்க, எனக்கென்ன. ஆனா இந்தக் குளிருக்கு உங்க வீட்ல வந்து இருக்கேன். அங்க குழாயிலேயே சூடு வருதாமே."

பக்கத்து வீட்டு விதவை லுவான் அக்கா தட்டு நிறைய மோமோ கொண்டுவந்தாள். அவள் வீட்டுக் கூரை முழுக்க சோலார் தகடு, வாசலில் குட்டி மின்சாரக் கார். பச்சை நம்பர் பிளேட்! அவள் பேசப் பேச நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

மாமனாரைக் கண்ணாடி போட்ட பால்கனியில் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருக்கிறோம். வீடெல்லாம் பூண்டு வாடை. ரேடியேட்டர் மேல் காலுறையைக் காயப்போடுகிறார். "இது சொர்க்கம் மருமகளே," என்கிறார். நான் சிரிக்கிறேன். ஒரு தலைமுறைக்காக என்ன வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

ஜனவரி 5, ஞாயிறு

விண்ணப்பம் திறந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் போனில் முகத்தைக் காட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்று மாமனாரிடம் போனை நீட்டினேன்: "இன்னிக்கு ஷேவ் பண்ணலையே." இன்று நீட்டினேன்: "கண்ணு வீங்கியிருக்கு மருமகளே, நாளைக்குப் பாப்போம்."

கிழவனுக்குத் தெரியும்.

ஜனவரி 30, வியாழன்

சீனப் புத்தாண்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம், "மாமா இப்ப எங்க கூடத்தான் இருக்கார்," என்றேன். என்ன குணம், என்ன மனசு என்று என்னைப் புகழ்ந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது கேட்க.

பிப்ரவரி 9, ஞாயிறு

முகத்தைக் காட்டிவிட்டார்!

தௌதௌவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, விதிமுறைகளை வாசிக்கச் சொன்னார். அவள் பள்ளிக்கூட ராகத்தில் படித்தாள்: குடும்பத்தில் எவர் பெயரிலும், அவர்களின் வாழ்க்கைத் துணை பெயரிலும், இந்த நகரில் கார் இருக்கக்கூடாது.

"வாழ்க்கைத் துணைன்னா யாரு கண்ணு?"

"பொண்டாட்டி தாத்தா!"

"எனக்குத்தான் இல்லையே. போய்ச் சேந்துட்டாளே," என்று சிரித்தார். போன் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினார். அவ்வளவுதான் வேலை. ராத்திரிக்குப் பன்றிக்கறி செய்தேன். மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இழுத்தடிப்பதில் அர்த்தமில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். "தௌதௌவுக்குப் படிக்கிற மேசை வாங்கியாச்சு மாமா. அதைப் பால்கனியிலதான் போடணும். நம்ம வீட்ல இடம் எங்க இருக்கு?"

கொஞ்ச நேரம் ரேடியேட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "மார்ச் பாதி வரைக்கும் சூடு வருமே," என்றார். ஷோவென் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகன்!

கட்டிலை அவரே மடக்கினார். பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

மேசை கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாமனார் போன் செய்தார். ஒரே இருமல். "மூச்சு விட முடியலடா ஷோவென். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?" ஷோவென் என் முகத்தைப் பார்த்தான். நான் போனை வாங்கினேன்.

"எங்ககிட்ட கார் எங்க இருக்கு மாமா? ஹீட்டரைப் போட்டுட்டுப் படுங்க. கார் வரட்டும், முதல் சவாரி உங்களுக்குத்தான்."

"சரி மருமகளே."

செத்துகித்துத் தொலைச்சிடாதீங்க, விண்ணப்பத்தை அவங்க சரிபார்த்து முடிக்கிற வரைக்கும். — இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்?

பிப்ரவரி 20, வியாழன்

லுவான் அக்கா பேசினாள். அவள்தான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். நிமோனியா. "ஆளு பொழைச்சுக்கிட்டாரு. நீங்க ஒண்ணும் பதறியடிச்சு ஓடிவர வேணாம்," என்றாள். என்ன வாய் அவளுக்கு!

அப்பாடா என்று இருந்தது. மூன்று தலைமுறையும் மூச்சு விடுகிறது. ஷோவென் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். அங்கே போய் அப்பாவைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஷோரூமில் ஓட்டிப் பார்த்தோம். வெள்ளைக் கார். சத்தமே இல்லை. தௌதௌ பின்சீட்டில் பாடிக்கொண்டே வந்தாள், வாந்தி இல்லை, முகம் வெளுக்கவில்லை. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இந்த ஒன்றைத்தானே கேட்டேன்? வேறு என்ன கேட்டேன் இந்த ஊரிடம்?

மார்ச் 23, ஞாயிறு

மியூனிலிருந்து சிவப்புப் பெட்டியில் கல்யாண மிட்டாய் வந்திருக்கிறது. மாமனாரும் லுவான் அக்காவும் போன வாரம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்களாம்!

வயிறு வலிக்கச் சிரித்தேன். எழுபத்து நாலு வயசு மாப்பிள்ளை. ஷோவெனுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. "ஏன்டா, நல்லதுதானே? இனிமே மருந்து, மாத்திரை, இருமல் எல்லாம் அவ பாடு," என்றேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மிட்டாய் நன்றாக இருந்தது, இரண்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தகுதி இல்லை.

காரணம்: குடும்ப உறுப்பினரின் வாழ்க்கைத் துணை பெயரில் கார் பதிவாகியுள்ளது.

மறுபடி மறுபடி படித்தேன். யாருடைய துணை? எந்தக் கார்? — ஐயோ. ஐயோ, அந்த மிட்டாயை நான் தின்னேனே!

போன் போட்டுக் கத்தினேன். "வேணும்னே பண்ணீங்களா? பேத்தி பஸ்ல குடலைக் கக்குறா, உங்களுக்கு இந்த வயசுல கல்யாணம் கேக்குதா? சொல்லுங்க, வேணும்னே தானே பண்ணீங்க?"

கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். இருமல் இல்லை. பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம்.

"அவ வீட்ல ஹீட்டர் ஓடுது மருமகளே," என்றார்.

தௌதௌ கதவருகே நின்று, "நான்தான் தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டினேன். என் தப்பா அம்மா?" என்று கேட்டாள். போய்ப் படி என்றேன். புது மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

ஷோவென் சாப்பிடாமலே படுத்துவிட்டான். நானும்.

மே 24, சனி

நாளை மறுநாள் நம்பர் பிளேட் கிடைத்தவர்கள் பட்டியல் வருகிறது. எனக்கென்ன.

காலையில் கீழே ஹாரன் சத்தம். மாமனார் புதுச் சட்டையில், கன்னம் உப்பி, முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். லுவான் அக்கா ஓட்டுகிறாள். ஷோவென்தான் கூப்பிட்டிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனி, ஞாயிறு மியூனில் அப்பாவோடு இருக்கப்போகிறானாம், தௌதௌவும். அவள் எனக்கு முன்னால் படியிறங்கி ஓடி ஏறிக்கொண்டாள். ஷோவென் அவள் பக்கத்தில். தலை நிமிரவில்லை.

எனக்கு இன்று தௌதௌவின் பள்ளிக்கூடப் பக்கம் ஒரு வேலை. அவர்கள் போகிற வழிதான். பின்கதவைத் திறந்தேன். மூன்றாவது இடத்தில் ஒரு தட்டு நிறையத் தக்காளி நாற்று.

"அதை டிக்கியில வைக்கலாமே மாமா," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சூட்டுல வாடிரும் மருமகளே. கார்ல இடம் எங்க இருக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் அன்றைக்கு மேசைக்காகச் சொன்ன அதே இதத்தோடு சொன்னார்.

தௌதௌ குனிந்து நாற்றுத் தட்டுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டாள். கதவைச் சாத்தினேன். சத்தமே இல்லாமல் போய்விட்டது கார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். கூட்டம்.