ஒரு விரல் அகலம்

மார்ச் 6

மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். "வீட்டுக்குள்ள பட்டறை ஏதும் வச்சிருக்கீங்களா? காலங்காத்தால டங்கு டங்குன்னு!" நான் கதவிடுக்கில் நின்று தலையை மட்டும் ஆட்டினேன். வெளியாட்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பட்டறை இல்லை. தம்பி. பத்து வயசாகிறது, பேச்சு வரவில்லை. கை சும்மா இருந்தால் முஷ்டியை மடக்கித் தன் முகத்திலேயே குத்திக்கொள்வான். அப்பா குழாய் வேலை பார்ப்பவர். மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் பிளந்து, உள்ளே பழைய துண்டு வைத்து, இரண்டு கைக்கும் உறை செய்து போட்டார். தோளடியிலிருந்து மணிக்கட்டு வரை. மாட்டினால் முழங்கை மடங்காது, கை முகத்துக்கு எட்டாது. குளித்து முடித்துப் பைப்பை மாட்டினதும் தம்பிக்கு ஒரே குஷி. பைப் கையால் சுவரைத் தட்டுவான். அந்தச் சத்தம்தான்.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 11

தம்பியின் இடது கண்ணில் விழித்திரை பிரிய ஆரம்பித்திருக்கிறதாம். பலமாக நாலு குத்து விழுந்தால் அந்தக் கண் போய்விடும் என்றார் கண் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் இப்படித் தங்களையே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறாராம். அங்கே சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"அவங்களாலயும் ஆகலைன்னா ஹோம்தான்," என்றாள் அம்மா. இப்படிப்பட்ட பிள்ளைகளை விட்டுவைக்கும் அந்த ஹோமை நாங்கள் போய்ப் பார்த்திருக்கிறோம். கட்டிலோடு கட்டி வைக்கிறார்கள்.

மார்ச் 12

கொசு. கடி தம்பிக்கு, வேலை எனக்கு. மூக்கைச் சுளித்தால் மூக்கு, தலையை ஆட்டினால் காது. பைப் போட்ட கையால் அவனால் சொறிந்துகொள்ள முடியாதே.

மார்ச் 19

பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி. இந்தப் பக்கம் நானும் அம்மாவும், பொத்தானை அழுத்தி எண்ணும் ஒரு அக்காவும். அந்தப் பக்கம் தம்பி. தலையில் பஞ்சு வைத்த கவசம், முகத்துக்கு முன்னால் தடுப்பு. கையில் பைப் இல்லை.

முதலில் பொம்மை கொடுத்தார்கள். அப்புறம் வேலை சொன்னார்கள். அப்புறம் தனியாக விட்டார்கள். மூன்றிலும் அடித்துக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை. அந்த அக்கா அழுத்திக்கொண்டே இருந்தாள், டிக் டிக்கென்று.

இதுக்குப் பேர் ஆராய்ச்சியா? புள்ள அடிச்சுக்கிறத உக்காந்து எண்ணுறதா? அந்த அக்கா கையத் தட்டி விடணும் போல இருந்துச்சு. அம்மா எழுந்து வெளியில போயிட்டா. நான் போகல. யாராவது ஒருத்தர் பாக்கணும்ல.

வெளியே வரும்போது கவனித்தேன். அந்த அக்காவின் கீழுதட்டில் பல் பதிந்த தடம்.

ஏப்ரல் 2

டாக்டரம்மா அப்பாவையும் வரச் சொன்னார். "அவன் எப்ப நிறுத்தினான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"நாங்க பைப்பைக் கையில எடுத்துட்டு உள்ள போனதும். கைய நீட்டிக்கிட்டு அவனே வந்தான். அவனுக்கு அது விலங்கு இல்லைங்க, துணை. தன் கையப் பாத்தா தனக்கே பயம். யாராவது பிடிச்சுக்க மாட்டாங்களான்னுதான் அடிச்சுக்கிறான்."

அதனால் பைப்பை ஒரேயடியாகக் கழற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய வைக்க வேண்டுமாம். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரல் அகலம் வெட்டுவது. அவன் அமைதியாக இருந்தால் இன்னொரு விரல். மேலே தோள் பக்கம் ஒரு வளையம் மிஞ்சும்வரை. "நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். சில பிள்ளைங்களுக்கு நடந்திருக்கு. அவசரப்பட்டா மட்டும் நடக்காது."

இத்தனை வருஷமும் அவன் கையை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பழக்கம் என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரல் 5

முதல் வெட்டு. அப்பா ரம்பத்தை எடுத்து, "ஊரு முழுக்க பைப் வெட்டினவன். எனக்கு ஒரு விரலாம். பேனாக்கத்தி போதும் இதுக்கு," என்றார். அம்மா ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள். வெட்டின ஓரத்தை அப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. சுவரைத் தட்டினான்.

மே 9

மணிக்கட்டு முழுசாக வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பொத்தானை அழுத்தி எண்ணிய கண்ணாடி அக்கா என்னிடம், "நீ பேசவே மாட்டியா?" என்றாள். தலையை ஆட்டினேன். "ஆமான்னு ஆட்டுறியா, இல்லைன்னு ஆட்டுறியா?" எனக்கே தெரியவில்லை.

மே 23

அப்பாவுக்கு இன்றைக்கு நல்ல உற்சாகம். "தம்பி தன் கையால எடுத்துச் சாப்பிடுறத பாத்துடணும்டி," என்றார் என்னிடம். இரண்டு பைப்பையும் முழங்கைக்கு மேலே வெட்டிவிட்டார். ஒரே வீச்சில். "அப்பா, டாக்டரம்மா..." என்றேன். "அரையும் குறையுமா விட்டுட்டுப் போறது என் வேலை இல்லை." அவர் அப்படித்தான். எந்த வீட்டிலும் வேலையை மறுநாளைக்கு வைக்க மாட்டார்.

தம்பி முழங்கையை மடக்கினான். நீட்டினான். மறுபடி மடக்கி, யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பா ஒரு வாய் சோற்றை அவன் விரலில் வைத்து வாய்க்குக் கொண்டுபோனார். எல்லோரும் கைதட்டினோம்.

மே 24

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு. நான் மட்டும்தான்.

ரெண்டு கையையும் பிடிச்சேன் — பிடிச்சேன் — ஒரு கை உருவிக்கிச்சு. அவன் என்னைப் பாத்து கைய நீட்டினான், பைப்ப மாட்டு மாட்டுன்னு. மாட்ட எங்க இருக்கு? குட்டையா ரெண்டு துண்டு.

மே 27

இடது கண் போய்விட்டது.

மே 30

டாக்டரம்மா திட்டவில்லை. "எவ்வளவு வெட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்பா தன் கையிலேயே தொட்டுக் காட்டினார். முழங்கைக்கு மேலே.

"இதோட போதும்," என்றாள் அம்மா. "இன்னொரு கண்ணு இருக்கு. அதுவாவது இருக்கட்டும். ஹோம்ல விட்டுடுறோம்."

ஒரு குரல், "முழு பைப்லேர்ந்து திரும்ப ஆரம்பிக்கலாமா?" என்றது. என் குரல். பாதிதான் வெளியே வந்தது. "யாரு வெட்டுறது?" என்றாள் அம்மா.

"நான்."

கண்ணாடி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 3

அப்பா புது பைப் வாங்கி வந்தார். பிளந்து, துண்டு வைத்துத் தைத்து, என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். ரம்பத்தைத் தொடவில்லை.

தம்பி கையை நீட்டினான். மாட்டினேன். சுவரைத் தட்டவில்லை.

ஜூலை 14

ஒரு விரல். ரம்பம் வழுக்கி என் கட்டைவிரலில் கீறல். ஓரம் கோணல். "உப்புத்தாளை வட்டமா ஓட்டு," என்று வாசலிலிருந்து அப்பா குரல். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

செப்டம்பர் 2

வெட்டவில்லை. அடித்துக்கொண்டான். பழைய நீளத்துக்கே போனோம். மூன்றாவது ஜோடி இது.

அக்டோபர் 28

ஒரு விரல்.

ஜனவரி 17

பைப் இப்போது தோளடியில் ஒரு காப்பு அளவுதான். அதையும் கழற்ற விடமாட்டான். இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா.

மாலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தம்பி பாயில். அப்பா வாசலில். ஒரு கொசு, தம்பியின் இடது கன்னத்தில், அந்தக் கண்ணுக்குக் கீழே. மூக்கைச் சுளித்தான். நான் எழுவதற்குள் அவன் கை மேலே போனது. அப்பா என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

சொறிந்துகொண்டான். இரண்டு தரம். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.