நசுங்காத தேசிக்காய்

என் செல்லத் தம்பி யோகன்,

உன்மேல் ஒரு பொய்யை விபத்து அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். சாரதி நித்திரையானதால் வான் கடலுக்குள் பாய்ந்ததாம். நீ நித்திரையாகவில்லை. பழுதென்று தெரிந்த வானுக்குக் கறுப்பு மை பூசி, ஒரு தரகர் உன் தலையில் கட்டினார். அதுதான் உன்னைக் கொன்றது.

இதை நான் இரண்டு மாரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தம்பி போன துக்கத்தில் கிழவனுக்குத் தட்டிவிட்டது என்கிறார்கள். இன்றைக்கு என் கையில் சாட்சி இருக்கிறது. உனக்கு எழுதுவதை ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் பேப்பருக்குக் கொடுக்கிறேன்.

உன் வான் திரும்பி வந்திருக்கிறது, தம்பி.

போன செவ்வாய்க்கிழமை காலை மண்கும்பான் றோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது. இடது முன் சில்லின் அந்த முனகல். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுச் சனத்தை ஏற்றிக்கொண்டு நீ என் வீட்டுப் படலையைக் கடக்கும்போதெல்லாம் கேட்ட முனகல். நீதான் வருகிறாய் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். கையைத் தூக்கிக்கொண்டு நடு றோட்டில் நின்றேன்.

வெள்ளை வானுக்கு நீலம் அடித்திருந்தார்கள். ஓட்டி வந்தது ஒரு பெண். கரம்பொன் ஆள், பெயர் மெற்றில்டா. புருஷன் கடலுக்குப் போகிறவர். அவர் பிடிக்கும் மீனை இவள் பட்டணத்துக்குக் கொண்டுபோகிறாள்.

"ஐயா, நடு றோட்டிலை நிண்டு மறிக்கிறியள். நீங்கள் என்ன பொலிசோ?"

"பிள்ளை, வான் இடப்பக்கம் இழுக்குதோ?"

"இழுக்குது. என்ர மனுசன் கள்ளுத் தவறணைப் பக்கம் இழுக்கிறார். ரெண்டையும் பிடிச்சுக்கொண்டுதான் நான் ஓடுறன். வழியை விடுங்கோ, மீன் பழுதாப்போகும்."

"மீன் கிடக்கட்டும். இறங்கி நாலு சில்லையும் தொட்டுப் பார்."

"விசர் மனுசன்" என்று எனக்குக் கேட்கத்தான் சொன்னாள். ஆனாலும் இறங்கினாள். மூன்று சில்லும் சும்மா இளஞ்சூடு. நாலாவதில் கையை வைத்தவள், "ஐயோ மாதாவே!" என்று உதறினாள்.

அவள் கையை ஊதிக்கொண்டிருக்க, நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். நீ ஸ்ரேறிங்கில் சுற்றிய கறுப்பு நாடா அப்படியே இருந்தது. இடது பக்கம் புதுசு. வலது பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து பளபளத்தது. இடப்பக்கம் ஓடிய வானை நீ வலக்கையால் இழுத்து இழுத்து நேராக்கிய இடம். அதில் என் கையை வைத்தேன். என்னால் எடுக்க ஏலவில்லை.

வானை மெல்ல என் வளவுக்குள் கொண்டுவந்தோம். நான் கராஜில் படித்தவன் இல்லை. தோட்டத்து இறைப்பு மெசினைக் கழற்றிப் பூட்டிப் பழகியவன். ஆனால் இரண்டு வருடமாக இந்த ஒரு கேள்வியைத்தான் தலைக்குள் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கினேன். மெற்றில்டாவைப் பிறேக்கை ஒருதரம் மிதித்துவிட்டுக் காலை எடுக்கச் சொன்னேன். வலது சில்லைக் கையால் தள்ள, சுழன்றது. இடது சில்லு அசையவில்லை.

பிறேக் ஒயில் கொண்டுவரும் இரும்புக் குழாய், சில்லுக்குக் கிட்ட ஒரு றப்பர் குழாயில் முடிகிறது. இரண்டும் சேரும் மேல் மூட்டைத் தளர்த்தினேன். சில்லு விடவில்லை. கீழே, சில்லோடு இருக்கும் சின்ன நட்டைத் தளர்த்தினேன். ஒயில் சீறிக்கொண்டு வந்தது. சில்லு தானாகச் சுழன்றது. அந்த றப்பரைக் கழற்றி நீளத்துக்கு வெட்டிப் பார்த்தேன். வெளியில் கறுப்பு மை பளபளத்தது. உள்ளே தொண்டை வீங்கினமாதிரி அடைத்து, ஊசி போகும் துவாரம்தான் மிச்சம். காலால் மிதிக்கிற பலத்துக்கு ஒயில் உள்ளே போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. மிதிக்கும் ஒவ்வொரு தரமும் அந்தச் சில்லு மட்டும் பிடித்தபடி கிடக்கும்.

இன்னொன்றும் கண்டேன். அந்த றப்பரைத் தவிர, இடது பக்கத்துப் பிறேக் சாமான்கள் அத்தனையும் வலது பக்கத்தைவிடப் புதிது. அவற்றின்மேலும் அதே கறுப்பு மை. நீ ஒன்றும் மாற்றியதில்லை, எனக்குத் தெரியும். மெற்றில்டாவும் கை வைக்கவில்லை என்கிறாள். உனக்கு விற்க முன்னமே யாரோ அந்தச் சில்லோடு மாரடித்திருக்கிறார்கள். முடியாமல் மையைப் பூசி விட்டிருக்கிறார்கள். நோய் தெரியாதவன் மருந்து வாங்குவானா?

மெற்றில்டா மீன் பெட்டியில் குந்திவிட்டாள். "இதிலை ஒரு ஆள் செத்ததெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. வெள்ளத்துக்குள்ள நிண்ட வானெண்டுதான் தந்தவங்கள்."

இப்போது உன் கடைசிப் பயணம் எனக்குத் தெரியும். சனத்தைத் துறையில் இறக்கிவிட்டு, நல்ல வெயிலில் தனியாகத் திரும்பி வந்தாய். சில்லு பிடித்தபடி உரஞ்சிச் சூடேறி, ஒயில் கொதித்திருக்கும். ஒயில் கொதித்தால் பெடல் பஞ்சை மிதித்தமாதிரி உள்ளே போகும். புங்குடுதீவுத் தாம்போதியில், இரண்டு பக்கமும் கடல், வான் இடப்பக்கம் ஓட, எத்தனை தரம் மிதித்தாய்? முழங்காலளவுத் தண்ணீர்தான், கவிழ்ந்த வானுக்குள் அதுவே போதும், தம்பி. என்னை நினைத்தாயா?

நினைத்திருப்பாய். ஏனென்றால் நீ என்னிடம் சொன்னாய். "அண்ணை, கையை விட்டால் கடல் பக்கம் போகுது." நான் என்ன சொன்னேன்? "றோட்டுச் சரிவடா. ரயருக்குக் காத்தைப் பார்."

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் ஒரு கறுப்பு மைதான்.

வான் வாங்கிய அன்று மடத்துவெளியில் கோயில் வாசலில் பிறேக் போட்டு நிறுத்தினாய். ஐயர் கற்பூரம் காட்டினார். நான் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தேன். நீ வானை எடுத்தாய். மூன்று நசுங்கின. நாலாவது, இடது முன் சில்லுக்கு வைத்தது, நசுங்கவில்லை. சில்லு உருளாமல் சறுக்கி, தேசிக்காயைச் சிமெந்து நிலத்தில் ஒரு சாண் தூரம் தள்ளிக்கொண்டு போனது.

உன் மனுசி வசந்தி முகம் கறுத்துவிட்டாள். "பெரியத்தான், வேண்டாம். இண்டைக்கு எடுக்க வேண்டாம்."

"தேசிக்காய் சாத்திரம் சொல்லுதோ? சிமெந்திலை வழுக்கினது" என்று சிரித்தேன். உன்னையும் சிரிக்க வைத்தேன். கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டு, வேறொன்று வைத்தேன். நசுங்கியது. பார்த்தியளோ என்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊசித் துவாரத்தால் ஒயில் மெல்லத் திரும்பிச் சில்லை விட்டுவிட்டது என்று இப்போதுதான் விளங்குகிறது.

செத்தவீட்டில் வசந்தி என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதது அந்தத் தேசிக்காய்க்குத் தெரிஞ்சிருந்தது, பெரியத்தான்." அந்தக் கோபத்தில் நான் இன்றுவரை அவள் படலை திறக்கவில்லை.

இன்றைக்கும் சொல்கிறேன், அது சகுனம் இல்லை. சகுனம் என்று பயந்தவள் வானை எடுக்க வேண்டாம் என்றாவது சொன்னாள். சகுனம் இல்லை என்று சிரித்தவன் குனிந்து சில்லைப் பார்த்திருக்க வேண்டும். உருளாத சில்லு என் கண்ணுக்கு முன்னால் சறுக்கியது. நான் தேசிக்காயைத்தான் பார்த்தேன்.

இனி நடக்கவேண்டியவை.

வானை விற்ற தரகர் குறிகட்டுவானுக்கு வந்து, உன்னோடு வான் ஓடிய சாரதிமார் முன்னால், அந்தச் சில்லைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று சொல்ல வேண்டும்.

நித்திரை என்று எழுதியவர்கள் அந்தச் சொல்லை வெட்ட வேண்டும். வெட்டிய றப்பரையும், மெற்றில்டா எனக்கு அவிழ்த்துத் தந்த நாடாவையும் நான் கொண்டுவருவேன். கண்ணால் பார்த்துவிட்டு எழுதட்டும்.

மெற்றில்டா இரண்டு பக்கத்துக்கும் புது றப்பர் போட்டு, ஒயிலையும் மாற்றி, நான் நாலு சில்லையும் தொட்டுப் பார்க்குமட்டும் வானை எடுக்கக் கூடாது. "ஓம் ஐயா" என்றிருக்கிறாள். மீன் பஸ்ஸில் போகிறது.

நான் மடத்துவெளிக்குப் போக வேண்டும். வசந்தியின் படலையைத் திறந்து, கதிரை போட்டாலும் போடாவிட்டாலும் அவள் முன்னால் நின்று, யோகன் நித்திரையாகவில்லை, நான்தான் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் அச்சில் வருமுன் அதைச் செய்துவிடுவேன், தம்பி. அவள் பேப்பரில் பார்த்து அறியக் கூடாது.

காற்றைப் பார் என்று சொன்ன,
உன் பெரியண்ணை