மோடத்தின் மேல் ஒரு தகர டப்பா

"மெசேஜ் போயிருக்குங்க மேடம், லாக்ல பாருங்க" என்று இன்று காலை பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். ஒரு சர்வர் நின்றுபோய், எச்சரிக்கை யாருக்கும் வராமல், அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு வாக்கியம் என்னை உட்காரவிடவில்லை. இரண்டு முறை தண்ணீர் குடித்தேன், மாடிப்படியில் ஏறி இறங்கினேன். நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்னிடம் சொல்லாமலே விட்ட ஒன்று இருக்கிறது.

அப்போது விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் உனக்குச் சூளை, எனக்குக் கம்ப்யூட்டர் அறை. சூளையின் சூடு குறைந்தால் என் சர்வர் உன் செல்போனுக்கு மெசேஜ் அனுப்பும்படி செய்துவைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "மீட்டரையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்காத. பேக்கிங் பக்கம் போயிட்டு வா, எதுனா ஆனா மெசேஜ் வரும்" என்று உன்னை நச்சரித்தேன்.

"மெஷின நம்பியா போறேன்? உன்ன நம்பிப் போறேன்டி" என்றாய்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பர்னர் அணைந்தது. நீ பேக்கிங் ஷெட்டில் இருந்தாய். திரும்பி வருவதற்குள் சூடு இறங்கி, சூளைக்குள் இருந்த சரக்கு அத்தனையும் வீணாகிவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சர்வர் எழுதிவைக்கும் லாக்கைத் திறந்து காட்டினேன். உன் நம்பருக்கு நேராக மூன்று முறை "அனுப்பப்பட்டது" என்று இருந்தது. "போயிருக்குங்க சார்" என்றேன், பெருமையாக வேறு.

"வரலன்னா வரலடி. இந்தா, என் போனப் பாரு" என்று நீட்டினாய். நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அழிச்சிருப்ப" என்றேன். எவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு! திங்கட்கிழமை எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது என்று உனக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் உன் வீடு உன் ஒருத்தியின் வேலையை நம்பித்தான் இருந்தது.

ஞாயிறு முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கள் காலை எல்லோருக்கும் முன்பாகப் போய் நோண்டினேன். உன் நம்பர் சரி. சிம் சரி. சோதனைக்கு என் போனுக்கே ஒரு மெசேஜ் அனுப்பினேன். லாக்கில் "அனுப்பப்பட்டது" என்று வந்தது. என் போனில் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் மெசேஜ் அனுப்பும் மோடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதன் மேல் பிஸ்கட் தகர டப்பா ஒன்று கவிழ்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அதைக் கவிழ்த்தவளே நான்தான். அந்தக் கம்பெனியில் களிமண் தூசி படியாத பொருள் ஏது? டீ கிளாஸிலிருந்து டெலிபோன் வரை எதையாவது போட்டு மூடிவைப்பதுதானே நம் எல்லோருக்கும் வழக்கம். தகரத்துக்குள் சிக்னல் வராது என்று படித்தவளுக்குத் தோன்றவில்லை. மோடத்திடம் ஒப்படைத்ததுமே, போய்ச் சேர்ந்ததா என்று பாராமல், சர்வர் "அனுப்பப்பட்டது" என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. டப்பாவை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். உடனே வந்தது.

அந்த நேரம் பார்த்து நீ வெள்ளைத்தாளோடு உள்ளே வந்தாய். "உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குது. நான் சொல்றேன், நீ எழுதிக் குடு" என்றாய். 'எனக்கு எந்த மெசேஜும் வரவில்லை' என்று சொன்னாய், எழுதினேன். 'இருந்தாலும் என் கவனக்குறைவை மன்னிக்கவும்' என்று சொன்னாய். அதையும் எழுதினேன். எடுத்துவைத்த டப்பாவைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினேன். நீ கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனாய்.

மத்தியானம் தாங்க முடியாமல் மேனேஜரிடம் போய் டப்பா விஷயத்தைச் சொன்னேன். எனக்குச் செம டோஸ். உன் வேலை தப்பியது. கேன்டீனில் உன்னிடம், "இப்பத்தான்டி கண்டுபுடிச்சேன்" என்றேன்.

"அதுக்கு ஏன் மூஞ்ச தொங்கப்போட்டிருக்க? வேறொருத்தியா இருந்தா மறைச்சிருப்பா" என்று உன் முட்டையை என் தட்டில் வைத்தாய்.

இன்றைக்கும் யாராவது "வரலை" என்றால், லாக்கைத் திறக்கும் முன் அவர்கள் போனைத்தான் வாங்கிப் பார்க்கிறேன். இன்று காலையும் அப்படித்தான் செய்தேன். அதனால் மனசு ஒன்றும் ஆறிவிடவில்லை.

உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானா அந்த ஆன்ட்டி? தப்பு தெரிஞ்ச ஒடனே ஓடிப்போய் சொன்னவங்கன்னு அம்மா எத்தினி வாட்டி சொல்லியிருக்காங்க தெரியுங்களா" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.