சீர்த்தட்டில் கிராபிக்ஸ் கார்டு

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் வில்லிபுத்தூர் போய் வந்தேன். மகள் வெங்கடேஸ்வரி கூப்பிட்டிருந்தாள். பேத்தி மாரீஸ்வரிக்குச் சடங்கு வைக்க நாள் பார்த்துவிட்டார்களாம். ஜூன் எட்டு. பிள்ளை பெரியவளாகி ஆறு மாதம் ஆயிற்று. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள்.

ஆனால் அவள் மனையில் உட்கார மாட்டேன் என்கிறாள். காரணம் தெரிந்ததுதான். பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் கோல் கீப்பர் அவள். பெரியவளான மறுநாளே அவள் அம்மா பூட்ஸை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். பொம்பளைப் பிள்ளை நாலு பேர் பார்க்க மண்ணில் விழுந்து புரளக் கூடாதாம்.

இன்று என்னைக் கண்டதும் பேரம் பேசினாள்.

"தாத்தா, நான் உக்காருதேன். ஆனா சீர்ல சங்கிலி வேண்டாம். கேமிங் கம்ப்யூட்டர் வேணும்."

"அது என்னத்துக்குத் தாயி?"

"வெளிய விளையாடக் கூடாதுன்னுட்டாக. வீட்டுக்குள்ள விளையாடக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலைல்லா?"

அடுப்படியில் இருந்து வெங்கடேஸ்வரி கத்தினாள்: "ஏட்டி, வாயக் கிழிச்சுப்புடுவேன்."

வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்?

ஏப்ரல் 28, திங்கள்

ஏன் கேட்கவில்லை என்று இன்று மகன் கேட்கிறான்.

தாய்மாமன் சீர் என்றால் அது விஜயபாண்டி பெயரில்தான் போகும். அவன் தூத்துக்குடியில் போலீஸ் ஏட்டு. பெயர் அவனுடையது, பணம் என் மாந்தோப்புக் குத்தகைப் பணம். ஒரு பவுன் சங்கிலிக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

"யப்பா, தாய்மாமன் தங்கம் போடாம அட்டைப்பெட்டியத் தூக்கிட்டுப் போனா, நான் யூனிபாரத்தப் போட்டுக்கிட்டு அந்த ஊருக்குள்ள எப்படி நடக்க?"

"யூனிபாரம் போடாம நட," என்றேன்.

போனை வைத்துவிட்டான்.

ஏப்ரல் 30, புதன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை இந்தப் போன்தான் எழுதிக்கொள்கிறது. என் பெண்டாட்டி சண்முகத்தாய் போய்ச் சேர்ந்த பிறகு ராத்திரியில் யாரிடம் பேச? பேத்திதான் இதைப் பழக்கிவிட்டாள். நம்ம ஊர்ப் பேச்சு இதற்குப் பிடிபடவில்லையாம். அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சொல்கிறேன். கோபம் வந்தால் அது முடிவதில்லை.

மே 3, சனி

ஜெபக்குமார் கடைக்குப் போனேன். இங்கே ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கிறவர்களில் ஏமாற்றாத ஆள் என்று பேர். கம்ப்யூட்டர் ஒரே பொருள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை. தனித்தனியாக ஏழெட்டுச் சாமான் வாங்கி மாட்டுவதாம். கணக்குப் போட ஒன்று, கணக்கு நிற்க இடம் ஒன்று, படம் வரைய ஒன்று, கரண்டு கொடுக்க ஒன்று.

"யாருக்குத் தாத்தா? பேரனுக்கா?"

"பேத்திக்கு. சடங்குச் சீரு."

எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கவில்லை. அதனால் அங்கேயே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பணத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் போகுமாம். பந்து வேகமாக வரும்போது படம் திக்கித் திக்கி வந்தால் கீப்பர் என்ன செய்வாள்? அதில் மட்டும் கை வைக்காதே என்றேன். சாமான்களுக்குப் பேர் சொன்னான்: ரைசன் ஃபைவ் ஐம்பத்தாறு நூறு. ஆர்எக்ஸ் அறுபத்தாறு நூறு. ஒரு தடவை காதில் விழுந்தது. போதும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன், மந்திரம் மாதிரி இருக்கிறது.

மே 6, செவ்வாய்

பேத்தியோடு போனில் சண்டை. சாமானையெல்லாம் உள்ளே மாட்டுகிற கூடு இரண்டு காட்டினான் ஜெபக்குமார். ஒன்று கண்ணாடி போட்டு உள்ளே பச்சையும் சிவப்புமாக விளக்கு சுற்றுவது. இன்னொன்று வெறும் கறுப்பு. எனக்கு விளக்குப் பெட்டிதான் பிடித்திருந்தது. சீர் என்றால் சபையில் மினுங்க வேண்டாமா?

"வேண்டாம் தாத்தா. அந்தக் காசுக்கு ராம் கூட்டிப் போடுங்க. எட்டு ஜிபி பத்தாது, பதினாறு வேணும்."

"கறிச்சட்டி மாதிரி இருக்கு, அதையா சபையில வைக்க?"

"சபையா விளையாடப் போகுது? நான்தான் விளையாடப் போறேன்."

மே 7, புதன்

கறுப்புப் பெட்டியே வாங்கச் சொல்லிவிட்டேன்.

மே 13, செவ்வாய்

ஒரு பவுன் பணத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. கரண்டு கொடுக்கிற பெட்டியைக் கம்பெனிப் பேர் இல்லாததாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஜெபக்குமார் மெதுவாகச் சொன்னான். வேண்டவே வேண்டாம் என்றேன். பம்புசெட்டுக்கு மலிவு ஸ்டார்ட்டர் போட்டு, நெல் கருது வாங்குகிற சமயத்தில் மோட்டாரை எரித்துக்கொண்டவன் நான். கடைசியில் திரையில் ஒரு பிடி குறைத்துக்கொண்டோம். சின்னத் திரை என்றாலும் புதுத்திரை. சீருக்குப் பழையது ஆகாது.

மே 22, வியாழன்

தளவாய்புரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான் சங்கையா. என் மகள் வீட்டு மாப்பிள்ளைக்கு அண்ணன், பட்டாளத்தில் இருந்து வந்தவன். சத்தமாகப் பேசுவான்.

"என்ன மாமா, சீருக்கு டப்பா தூக்கிட்டு வாரீகளாமே? கழுத்துல மாட்டுறதுக்கு வயர் நீளமா இருக்குமா?"

இரண்டு வரிசை இலையும் சிரித்தது. நான் ரசத்தைக் குடித்து முடித்தேன்.

"சங்கையா, உங்க அம்மா ஆவுடையம்மாள் சடங்குக்கு நான் வந்திருக்கேன். அவ மாமன் என்ன கொண்டு வந்தாரு தெரியுமா? தையல் மெஷினு. அதைத் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சாக, தங்கம் எங்க, தங்கம் எங்கன்னு. அந்த மெஷின்ல தச்ச டவுசரப் போட்டுக்கிட்டுத்தான் நீ பட்டாளத்துக்கு ஆளெடுப்புல ஓடுனே. பச்சை டவுசர். பையில ஒட்டு."

பையில் ஒட்டு என்றதும் இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

ஜூன் 4, புதன்

எல்லாச் சாமானும் வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

விஜயபாண்டி வரவில்லையாம். டூட்டியாம். அவன் பெண்டாட்டியும் வரவில்லை. அப்படியானால் தட்டு ஜோடிக்க வீட்டில் பெண்பிள்ளை யாரும் இல்லை. மாமன் இல்லாமல் சீர் போகாது என்று நினைத்துத்தான் வராமல் இருக்கிறானோ? வராட்டிப் போறான். நான் செத்தா போயிட்டேன்? நானே தட்டு வைப்பேன், நானே தூக்குவேன், அவளுக்கு மாலையும் நானே போடுவேன். எந்தப் பய என்னன்னு கேப்பான், பாக்கலாம்.

ஜூன் 7, சனி

தட்டு எல்லாம் தயார். பழம், தேங்காய், வெல்லம், பூ, பட்டு. பிறகு சாமான்கள், தட்டுக்கு ஒன்று. அட்டைப்பெட்டியோடு வைத்தால் காலிப் பெட்டி என்பான் சங்கையா. எல்லாவற்றையும் பிரித்து வெளியே வைத்தேன். சபைக்கு வருகிற பொருள் மூடியா இருக்கும்?

ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை ஒன்று இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்தார்கள். உறையைக் கழற்றி அந்தத் தங்கத்தின் மேலேயே தாராளமாக வைத்தேன். அழகாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

தெருமுனையில் இருந்து மேளத்தோடு போனோம். கறுப்புப் பெட்டியை நான் தூக்கினேன். மண்டபத்தில் தட்டுகளை வரிசையாக வைத்தோம். அப்புறம் பெண்கள் பக்கம் குசுகுசுவென்று பேச்சு. சங்கையா எழுந்து நின்று ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தான்.

"எல்லாம் சரி மாமா. தங்கம் எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் மனையில் இருந்து மாரீஸ்வரி கை நீட்டிக் கிராபிக்ஸ் கார்டை எடுத்தாள். பட்டும் ஜடையும் பூவுமாக உட்கார்ந்துகொண்டு, பல் வரிசையைத் திருப்பிக் காட்டினாள்.

"பெரியப்பா, இந்தா இருக்கு. தொட்டுப் பாருங்க, ஆனா கடிச்சுப் பாத்துராதீக."

மண்டபமே சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

மாலை போடுகிற நேரத்துக்கு வாசலில் பைக் சத்தம். விஜயபாண்டி. யூனிபாரத்தோடு வந்தான், டூட்டியில் பாதி நேரம் கேட்டு வாங்கி வந்தானாம். பையில் இருந்து ஒரு மோதிரத்தை எடுத்துப் பிள்ளை விரலில் போட்டான். மாலையும் போட்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டால் என்ன? நான் சொன்னது வந்தது, அவன் சொன்ன தங்கமும் வந்தது. பிள்ளைக்கு இரண்டும் லாபம்.

ஜூன் 9, திங்கள்

ஓடலை.

ஜெபக்குமார் நேற்றுச் சாயங்காலமே வந்து எல்லாத்தையும் மாட்டினான். காத்தாடி சுத்துது. திரை மட்டும் கறுப்பாவே கிடக்கு. திருப்பித் திருப்பிப் பாத்தான், கார்டக் கழட்டுனான்.

"தாத்தா, இந்தப் பல்லுல என்னத்தத் தடவுனீக?"

"சந்தனம்."

"ஐயோ தாத்தா, இது வழியாத்தான எல்லாமே போகணும். துடைச்சும் போக மாட்டேங்குதே. சந்தனம் பூசினதுன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் மாத்தித் தர மாட்டான்."

வெங்கடேஸ்வரி பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் காசுக்குச் சங்கிலியா இருந்தா நாங்க சந்தனம் பூசினாலும் சங்கிலியாவே இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளை வெளியே போய்விட்டார். சங்கையா காதுக்குப் போக எம்புட்டு நேரமாகும்? பிள்ளை என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

எவன் கேட்டான் உன்னப் பொட்டு வைக்கச் சொல்லி? நல்ல உறை போட்டு மூடி வச்சிருந்தான் அந்தக் கம்பெனிக்காரன், ஒரு காரணமாத்தான வச்சிருப்பான்?

ஜூன் 10, செவ்வாய்

காலையில் மாரீஸ்வரி போன் செய்தாள். "தாத்தா, பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ச்சாப் போயிருமாம். வீடியோவுல பாத்தேன். நான் தேய்க்கட்டா?"

"தொடாதே. நான் வாரேன்."

கிடைத்த முதல் பஸ்ஸில் போனேன். நான் பூசியதை நான்தான் அழிக்க வேண்டும். அவள் பள்ளிக்கூடப் பையில் இருந்து ரப்பரை எடுத்துக் கையில் கொடுத்தாள். இந்தப் பக்கம் பிடியுங்கள், ஒரே திசையில் தேயுங்கள் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். ரப்பரை நான் பிடித்தது இதுவே முதல் தடவை. எழுதாதவனுக்கு அது எதற்கு? ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். மஞ்சளாகத் தூள் தூளாக உதிர்ந்தது. முதுகு வலித்தது. வெங்கடேஸ்வரி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தாள்.

சாயங்காலம் ஜெபக்குமார் வந்து, கார்டு செருகுகிற இடத்தை ஸ்பிரிட் தொட்ட பிரஷால் சுத்தம் செய்து மாட்டினான். பித்தானை அமுக்கினான்.

வெள்ளை எழுத்து வந்தது. என்ன எழுத்தோ. எனக்கு அதைப் பார்த்ததே போதும்.

ஜூன் 11, புதன்

சங்கையாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன், ஓடுதுன்னு.

ஜூன் 22, ஞாயிறு

வில்லிபுத்தூரில் புதுச் சண்டை. மாரீஸ்வரி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யார் யாரோடோ பேசி விளையாடுகிறாளாம். எந்த ஊர்ப் பயல்களோ என்று வெங்கடேஸ்வரிக்குப் பயம். அதனால் அவள் விளையாடுகிற நேரம் முழுக்கப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிறாள். நான் போனபோதும் அப்படித்தான். திரையில் பந்து. மகள் கையில் முறமும் புளியும். புளியில் கொட்டை எடுக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் அவள் வலது கால் மட்டும் எத்திக்கொண்டிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

மாம்பழம் கொடுத்துவிட்டு வரலாம் என்று வில்லிபுத்தூர் போனேன். வாசலிலேயே வெங்கடேஸ்வரி குரல் கேட்டது.

"ஏட்டி மாரி, மணி நாலரை ஆச்சு. கிரவுண்டுக்குக் கிளம்பலையா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. பிராக்டிஸ் இல்ல."

"பிராக்டிஸ் இல்லைன்னா என்ன, போயி நாலு சுத்து ஓடிட்டு வா. கீப்பரு இப்படி மசமசன்னு உக்காந்திருந்தா வெளங்குமா? இருட்டுறதுக்குள்ள வந்தாப் போதும், எந்திரி."

மாரீஸ்வரி, பரணில் கிடந்த அதே பூட்ஸின் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். முழங்காலில் புதுச் சிராய்ப்பு, மஞ்சள் பத்துப் போட்டிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே போனேன். பேத்தி விளையாடுகிற நாற்காலிக்கு மகள் ஏற்கெனவே மாறியிருந்தாள். காதில் மாட்டியிருந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்திருந்தாள்.

"வாங்கப்பா. செத்த உக்காருங்க. இந்த ஒரு மேட்ச முடிச்சிட்டுக் காப்பி போடுதேன்."

உட்கார்ந்தேன். எதிராளி யாரையோ எருமை என்றாள். அடுத்த மேட்ச் தொடங்கியது. நானே எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினேன். அவள் தம்ளரைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைக்கப் போனேன்.

"அப்பா! அங்க வைக்காதீக, சிந்திரும்."

கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.